சல்லி கேட்கிறவர் வெட்கப்படுகிற ஊர்

 

கொஞ்சம் நீளமான பதிவு. இரவில் நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். யாரையும் குறிவைத்து எழுதவில்லை. வாசிக்கும்போது "இது என்னையா?" என்று யாருக்காவது தோன்றினால், பதில் எழுதுவதற்கு முன்னர் கொடுக்க வேண்டியவருக்கு ஒரு கோல் எடுத்துவிடுங்கள். அது போதும்.

நம் ஊரில் ஒரு வினோதமான பழக்கம் வேரூன்றிவிட்டது. வேலையைச் செய்து முடித்தவர் தன் கூலியைக் கேட்கக் கூச்சப்படுகிறார். கொடுக்க வேண்டியவர் கூச்சமில்லாமல் "அடுத்த கிழமை பாப்பம் தம்பி" என்கிறார். உடுப்புத் தைத்துக் கொடுத்த ராத்தா மகளின் கையில் துண்டு எழுதி அனுப்புகிறார், நேரில் போக வெட்கம். ஜன்னல் செய்து பூட்டிக் கொடுத்த ஓடாவி, வீட்டுக்காரர் பள்ளியில் எதிரே வந்தால் தானே மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார், சல்லி கேட்க வந்ததாக நினைத்துவிடுவாரோ என்று. நியாயப்படி யார் திரும்பிக்கொள்ள வேண்டும்?

இது பெரிய முதலாளிமாரின் கதையல்ல. அவர்களுக்குக் கணக்காளர் இருக்கிறார், சட்டத்தரணி இருக்கிறார், வங்கியில் மேலதிகப் பற்று வசதி இருக்கிறது. நாம் பேசுவது முதலில் வேலையைக் கொடுத்துவிட்டுப் பிறகு காசுக்குக் காத்திருக்கும் சின்னத் தொழில்காரரைப் பற்றி. வீட்டில் தைக்கும் பெண்கள், அச்சகமும் பேனரும் செய்யும் இளைஞர்கள், வெல்டிங் கடைக்காரர், ஓடாவி, மேசன், கல்யாணத்துக்குச் சமைத்துக் கொடுப்பவர், கதிரை கூடாரம் வாடகைக்கு விடுபவர், நூலைக் காசுக்கு வாங்கிச் சாரனைக் கடைக்குக் கடனுக்குக் கொடுக்கும் நெசவாளர். இவர்கள் எல்லோரும் நம் மாணவர்களின் பெற்றோர். சிலர் நம்மிடமே படித்தவர்கள்.

அப்படி நம்மிடம் படித்த ஒரு பிள்ளை. உயர்தரம் முடித்து, கம்பியூட்டரில் வடிவமைப்புப் பழகி, வாப்பா கொடுத்த முதலோடு ஒரு சின்ன அச்சகம் தொடங்கினார். வேலை குறையவில்லை. விளையாட்டுப் போட்டி வந்தால் டீ சேர்ட், தேர்தல் வந்தால் பேனர், பெருநாள் வந்தால் வாழ்த்து, கல்யாண சீசனில் அழைப்பிதழ். கைவேலையும் சுத்தம். ஆனாலும் இப்போது கட்டாருக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டோம். "வேலை இருக்கு சேர். சல்லிதான் வெளியில நிக்குது" என்றார்.

இந்த ஒரு வசனத்துக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று பார்ப்போம். எடுத்துக்காட்டாக ஒரு கழகம் 60,000 ரூபாவுக்கு டீ சேர்ட்டும் பேனரும் அடிக்கக் கொடுக்கிறது என்று வையுங்கள். துணி, மை, பேனர் சாமான் 42,000. உதவியாளின் கூலி, மின்சாரம் 8,000. ஆக அவருடைய சொந்தக் காசு 50,000 வெளியே போகிறது. அவருக்கு மிஞ்ச வேண்டியது 10,000.

இந்த பில் கட்டப்படாமலே போனால் என்ன ஆகும்? அவர் 10,000 ரூபா இலாபத்தை இழந்தார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 50,000 முதலையும் இழந்துவிட்டார். அதை மீட்க இதே அளவான ஐந்து வேலைகள் செய்ய வேண்டும். அந்த ஐந்தும் சுணக்கமில்லாமல் கட்டப்பட வேண்டும். அதில் ஒரு சதமும் வீட்டுச் செலவுக்குப் போகக்கூடாது. அப்போதுதான் பழைய இடத்துக்கு வந்து நிற்பார்.

"நாங்க கட்டாமல் விடுறதில்ல, கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்" என்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் கணக்கு உண்டு. ஆறு மாதம் பிந்தினால் அந்த 50,000 ஆறு மாதம் முடங்கிக் கிடக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை சுழன்றிருந்தால் அந்தக் காசில் ஆறு வேலை செய்திருக்கலாம். வேலை கையில் இருந்தும் சாமான் வாங்கக் காசில்லாமல் திருப்பி அனுப்பும் நிலை இப்படித்தான் வருகிறது. நட்டத்தில் ஓடும் கடை மட்டும் மூடப்படுவதில்லை. இலாபத்தில் ஓடும் கடையும் நிலுவையால் மூடப்படும்.

2022 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். செப்டம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐத் தொட்டது. அந்த வருடம் பெப்ரவரியில் செய்த வேலைக்கு செப்டம்பரில் அதே தொகையைக் கொடுத்தவர், "நான் முழுசாத்தானே கொடுத்தேன்" என்று சொல்லலாம். வாங்கியவர் அந்தக் காசில் பெப்ரவரியில் வாங்கிய அளவு சாமானை வாங்க முடியாமல் நின்றார். இறக்குமதிச் சாமானுக்கு மொத்தக் கடைகள் கடனை நிறுத்திக் கைக்காசு கேட்டன. மேலேயிருந்து கடன் நின்றது, கீழே நிலுவை அப்படியே கிடந்தது. நடுவில் நசுங்கியவர்கள் இந்தச் சின்னத் தொழில்காரர்கள்தான்.

இதில் இன்னொரு விடயம் நம்மை உறுத்த வேண்டும். நாம் வட்டியை ஹராம் என்று அறிந்த சமூகம். வங்கியில் கடன் எடுக்கப் பத்துத் தடவை யோசிக்கிறோம். நல்லது. ஆனால் நம் பில்லை நாம் பிந்திக் கட்டும்போது, அந்தத் தையல்காரப் பெண் தன் காப்பைக் கொண்டு எங்கே போகிறார்? அடகுக் கடைக்கு. அங்கே அவர் கட்டும் வட்டி யாருடைய தாமதத்தால் வந்தது? நம் கை சுத்தமாக இருப்பதற்காக இன்னொருவரின் கையை அதில் நனைக்க வைக்கலாமா? இதைப் பற்றி குத்பாக்களில் அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும்.

உண்மையில் இயலாதவரைப் பற்றி இங்கே பேசவில்லை. நோய் வந்தவர், தொழில் இழந்தவர், மீன்பிடி பருவம் பொய்த்தவர், வெள்ளத்தில் வயலை இழந்தவர். அவர்களுக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லி மார்க்கமே சொல்கிறது, விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் சொல்கிறது. ஆனால் வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. இந்த இரண்டு ஆட்களையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டோம். புதுக் கார் எடுத்தவருக்கும் அவகாசம் என்கிறோம். இயலாதவர் வந்து "இவ்வளவு காலம் தாருங்கள்" என்று கேட்பார். இழுத்தடிப்பவர் கேட்கவே மாட்டார், ஃபோனை எடுக்காமல் விடுவார். வித்தியாசம் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

சரி, என்ன செய்யலாம்?

வெளிநாடுகளில் இதற்கு எளிய மருந்து ஒன்று வைத்திருக்கிறார்கள். பிந்தினால் மாதத்துக்கு இத்தனை வீதம் மேலதிகம் என்று பில்லிலேயே அச்சடித்துவிடுவார்கள். நமக்கு அது சரிவராது. கடன் பிந்தியதற்காக மேலதிகக் காசு எடுப்பதை உலமாக்களில் பெரும்பாலோர் வட்டி என்றே பார்க்கிறார்கள். அதோடு, இருபது வீடு தள்ளி இருக்கும் மச்சானுக்கு யார் தண்டப்பணம் போடுவார்கள்? மறுநாள் குடும்பமே பேசாது.

ஆகவே வேலை முடிந்த பிறகு நம் தொழில்காரரின் கையில் எந்தப் பிடியும் இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே பலமான நேரம் வேலை தொடங்குவதற்கு முந்திய அந்தப் பத்து நிமிடம். அந்த நேரத்தில்தான் நம்மவர்கள் வாய் திறப்பதில்லை. "எவ்வளவு எடுப்பீங்க?" என்று கேட்டால், "அத பொறகு பாப்பம் நானா, நமக்குள்ள என்ன" என்கிறார்கள். அந்த "நமக்குள்ள என்ன" என்ற சொல்தான் ஆறு மாதத்துக்குப் பிறகு உறவை முறிக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விடயம் இங்கே பொருந்தும். வகுப்பறை விதிகளை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முதல் நாள் சொன்னால் அது விதி, எல்லாப் பிள்ளைக்கும் பொது, யாருக்கும் கோபம் வராது. பிழை நடந்த பிறகு சொன்னால் அந்த ஒரு பிள்ளைக்கான தண்டனையாகத் தெரியும், முகம் கறுக்கும். தொழிலும் இப்படித்தான். "மீதி 20 ஆந் திகதி தரணும்" என்று வேலை தொடங்கும்போது சொன்னால் அது நிபந்தனை. அதே வசனத்தை 40 ஆவது நாள் சொன்னால் அது சண்டை.

தொழில் செய்யும் தம்பி தங்கைமாருக்கு நாம் சொல்ல நினைப்பவை இவை.

முதலாவது, அட்வான்ஸ் கேளுங்கள். குறைந்தபட்சம் சாமான் செலவுக்கு. அட்வான்ஸ் கேட்பது நம்பிக்கையில்லாத்தனம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இஸ்லாமிய வியாபாரச் சட்டத்தில் ஸலம் என்ற ஒப்பந்தத்தில் முழு விலையையும் முதலிலேயே கொடுக்க வேண்டும், பொருள் பிறகு வரும். சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கான இஸ்திஸ்னாவில் காசை முதலிலோ, கட்டம் கட்டமாகவோ, கடைசியிலோ கொடுக்கலாம், பேசிக்கொண்டபடி. ஆகவே அட்வான்ஸ் நம் மரபுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது, திகதி சொல்லுங்கள். "பொறகு", "அடுத்த கிழமை", "பெருநாளைக்கு முன்ன" என்பதெல்லாம் திகதி அல்ல. 20 ஆந் திகதி என்றால் 20 ஆந் திகதி. மாதச் சம்பளக்காரருக்கு 25 ஆந் திகதிக்குப் பிறகு வையுங்கள், வயல்காரருக்கு அறுவடைக்குப் பிறகு வையுங்கள். அவருக்குக் காசு எப்போது வரும் என்று கேட்டு வைத்த திகதி அவருக்கும் இலேசு, உங்களுக்கும் இலேசு.

மூன்றாவது, பொருளும் மீதிக் காசும் ஒரே நேரத்தில் கை மாறட்டும். தைத்த உடுப்பு, அடித்த அழைப்பிதழ், செய்த கேக் எல்லாவற்றுக்கும் இது சரி. கையை விட்டுப் போன பொருளுக்குக் காசு கேட்பதுதான் கஷ்டம். மேசன், ஓடாவி போன்றவர்களுக்கு அப்படி முடியாது. அவர்கள் வேலையைத் துண்டாக்க வேண்டும். மரம் எடுக்க ஒரு பங்கு, சட்டம் முடிந்ததும் ஒரு பங்கு, பூட்டி முடித்ததும் மீதி. இரண்டாம் பங்கு வராவிட்டால் மூன்றாம் கட்டத்தைத் தொடங்காதீர்கள். நட்டம் வந்தாலும் சின்னதாக நிற்கும்.

நான்காவது, யார் கட்டுவது என்று கேளுங்கள். கல்யாண வீட்டில் மாமா ஓடர் கொடுப்பார், சாச்சா சாமானை எடுப்பார், மாப்பிள்ளையின் நானா கட்டுவார் என்பார்கள். கடைசியில் மூவரும் ஆளையாள் காட்டுவார்கள். நூறு சஹன் சாப்பாடு கொடுத்த சமையல்காரர் மூன்று வீட்டு வாசலில் நிற்பார். ஓடர் எடுக்கும்போதே ஒரு பெயரும் ஒரு ஃபோன் நம்பரும் வாங்கிவிடுங்கள்.

ஐந்தாவது, அன்றைக்கே எழுதி அனுப்புங்கள். பெரிய பில் புத்தகம் தேவையில்லை. வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்:

"ராத்தா, மூணு சீருடை தையல் கூலி மொத்தம் 4,500 ரூபா. அட்வான்ஸ் 2,000 கிடைச்சிது. மீதி 2,500. 20 ஆந் திகதி உடுப்புத் தரக்குள்ள மீதியையும் வாங்கிக்கிறன். சரியெண்டா ஒரு பதில் போடுங்க."

இதில் எங்கே மரியாதைக் குறைவு இருக்கிறது? ஒன்றுமில்லை. அந்த "சரி" என்ற ஒரு பதில்தான் பிறகு உங்களைக் காப்பாற்றும்.

ஆறாவது, திகதிக்கு இரண்டு நாள் முன்னர் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். திகதி கடந்த பிறகு அனுப்புவது முறைப்பாடு போல இருக்கும், முன்னர் அனுப்புவது உதவி போல இருக்கும். நம்மவர்களில் பாதிப்பேர் கெட்ட எண்ணத்தில் பிந்துவதில்லை, மறந்துதான் பிந்துகிறார்கள். அவர்களுக்கு இது போதும்.

ஏழாவது, பழைய பாக்கி இருக்கும்போது புது வேலை எடுக்காதீர்கள். "அதையும் இதையும் சேத்துத் தாறன்" என்பார்கள். சேர்ந்து வருவது பாக்கிதான்.

"இப்படியெல்லாம் கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்" என்று ஒரு பயம் இருக்கிறது. நியாயமான பயம்தான். சிலர் போவார்கள். ஆனால் யார் போகிறார் என்று பாருங்கள். கட்டும் எண்ணமுள்ளவர் திகதி கேட்டதற்காகப் போவதில்லை. திகதி சொல்லப் பிடிக்காதவர்தான் போவார். அந்த 60,000 ரூபாக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கட்டாத ஒருவரை இழப்பது, கட்டும் ஐந்து பேரின் உழைப்பைக் காப்பாற்றுகிறது. அதோடு ஒரே தொழில் செய்கிறவர்கள் கூடிப் பேசி, ஊரிலுள்ள எல்லாத் தையல்காரரும் அட்வான்ஸ் வாங்குவது என்று வைத்துக்கொண்டால் போவதற்கு அடுத்த கடையே இல்லை. சலூன்காரர்கள் ஒன்றுகூடி விலைப்பலகை தொங்கவிடுகிறார்களே, அது போலத்தான்.

எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம், கடனை எழுதுவதைப் பற்றியது. தவணை குறிக்க வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சின்னதோ பெரிதோ எழுதச் சலிக்கக்கூடாது என்றெல்லாம் அதில் வருகிறது. அதில் நாம் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. எழுதுவதற்கான வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் பட்டவர். கொடுக்க வேண்டியவரே "நான் இவ்வளவு தர வேண்டும், இந்தத் திகதிக்கு" என்று சொல்லி எழுதுவிக்க வேண்டும். நம் ஊரில் எழுதச் சொன்னால் "என்ன, என்னில நம்பிக்கை இல்லையா?" என்று கோபம் வருகிறது. வசனத்தை ஓதுகிறோம், அதன்படி நடக்கச் சொன்னால் கோபப்படுகிறோம்.

நாட்டுச் சட்டமும் எழுதியவருக்கே கை கொடுக்கிறது. வழக்குப் போடுவதற்கான காலவரையறையைச் சொல்லும் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கடை பில், கொப்பிக் கடன், செய்த வேலைக்கான கூலி போன்றவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்திலான ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம். ஒரு வருடமும் ஆறு வருடமும்! "அவர் நல்ல மனிசன், எப்பவாச்சும் தருவார்" என்று இரண்டு வருடம் கொப்பியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர், நீதிமன்றத்தின் கதவு மூடப்பட்டது தெரியாமலே காத்திருக்கிறார். ஒவ்வொருவரின் விடயமும் வேறு வேறு என்பதால் பெரிய தொகை என்றால் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வட்ஸ்அப் செய்தியையும் அழித்துவிடாதீர்கள். இலத்திரனியல் ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்கும் சட்டம் 2006 இலேயே வந்துவிட்டது.

நீதிமன்றம் என்றதும் பயப்பட வேண்டாம். சின்னத் தொகைப் பிணக்குகள் நீதிமன்றம் போவதற்கு முன்னர் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது இது. பெரும்பாலும் வார இறுதியில், நம் பாடசாலைக் கட்டடங்களிலேயே கூடுகிறது. வழக்கறிஞர் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. அங்கே இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இரு பக்கத்தையும் இருத்திப் பேசி இணக்கத்துக்குக் கொண்டுவருவார்கள். மாதம் 5,000 படி கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் இருவருக்கும் மானம் போகாமல் விடயம் முடியும். போவது குடும்பத்தை அவமானப்படுத்துவதல்ல. நியாயமான கோரிக்கையை நியாயமான இடத்தில் வைப்பதுதான்.

ஆனால் ஒன்றைச் செய்யாதீர்கள். ஆளின் படத்தைப் போட்டு "இவர் எனக்குக் கடன்" என்று முகநூலில் பதிவிடாதீர்கள். கோபம் விளங்குகிறது. ஆனாலும் அதனால் பெரும்பாலும் காசு வருவதில்லை. அவருடைய பிள்ளைகள் வகுப்பில் தலை குனிவதை நாங்கள் பார்க்கிறோம். கடனோடு சம்பந்தமில்லாத பிள்ளைக்குத் தண்டனை போய்ச் சேர்கிறது. அதோடு கடன்காரருக்கு ஒரு சாட்டும் கிடைத்துவிடுகிறது: "இப்படி மானத்த வாங்கினவனுக்கு இனித் தரமாட்டன்."

இனி நமது சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும். பள்ளிவாசல் நிர்வாகம், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், தேர்தல் காலக் குழுக்கள் எல்லோருக்கும்தான். தனி ஆளின் கடனைவிடச் சங்கத்தின் கடன் பொல்லாதது. காரணம், அங்கே கேட்பதற்கு ஆளில்லை. தலைவர் செயலாளரைக் காட்டுவார், செயலாளர் பொருளாளரைக் காட்டுவார், பொருளாளர் "கூட்டம் கூடட்டும்" என்பார். கூட்டம் கூடுவதற்குள் நிர்வாகமே மாறிவிடும். புது நிர்வாகம் "அது பழைய ஆக்கள் செஞ்சது" என்று கையைக் கழுவும். பேனரில் பெயர் போட்ட அதிதிகள் எல்லோரும் சந்தோசமாகப் போய்விட்டார்கள். பேனர் அடித்தவர்தான் மிச்சம்.

சங்கங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். கையில் காசு வந்த பிறகு ஓடர் கொடுங்கள், அனுசரணை வரும் என்ற நம்பிக்கையில் கொடுக்காதீர்கள். ஓடர் கடிதத்தில் கட்டும் பொறுப்புள்ளவரின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். நிர்வாகம் மாறும்போது கொடுக்க வேண்டிய பில்களின் பட்டியலைக் கூட்டத்தில் வாசித்துக் கையளியுங்கள். வரவுசெலவு அறிக்கையில் "மீதி" என்று பெருமையாகக் காட்டும் தொகை யாருடைய கூலி என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளராக நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது இன்னும் இலேசு. வேலை கொடுக்கும்போது அவர் கேட்பதற்கு முன்னர் நாமே "எவ்வளவு, எப்ப தரணும்?" என்று கேட்டுவிடலாம். அவருடைய வெட்கத்தை நாமே எடுத்துவிட்டோம் அல்லவா? இயலாமல் போனால் திகதி வருவதற்கு முன்னரே ஃபோன் எடுத்து, "இந்த மாதம் பாதி, அடுத்த மாதம் 10 ஆந் திகதி மீதி" என்று சொல்லலாம். பிந்துவதைவிட வலிப்பது, ஃபோன் எடுக்காமல் விடுவது. கையில் தொழில் வைத்திருப்பவருக்குக் காசு எப்போது வரும் என்று தெரிந்தால் அவர் மொத்தக் கடைக்காரரிடம் ஒரு பதில் சொல்லிக்கொள்வார்.

நம் ஊரில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் குடும்பத்தவர் ஒருவர் எழுந்து, "மர்ஹூமுக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தால் எங்களோட பேசுங்க" என்று அறிவிப்பார். நல்ல வழக்கம். நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா கொண்டுவரப்பட்டால் கடன் இருக்கிறதா என்று கேட்டதை ஹதீஸ்களில் படிக்கிறோம். ஆனால் அந்த அறிவிப்பு நடக்கும்போது சீருடை தைத்துக் கொடுத்த அந்தப் பெண் பள்ளியில் இல்லை. தன் வீட்டில் மெஷினுக்கு முன்னால் இருக்கிறார். அவருடைய 2,500 ரூபா எந்தக் கொப்பியிலும் இல்லை. மையித்து வீட்டுக்குப் போய் அந்தத் தொகையைக் கேட்கும் அளவுக்கு அவர் கல்நெஞ்சக்காரரும் அல்ல. அந்தப் பெருந்தன்மையை நம்பி மௌத்தாகிவிட வேண்டாம்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோளோடு முடிக்கிறோம். இன்றைக்கு இரவு ஒரு துண்டுக் கடதாசி எடுங்கள். தையல், தச்சு, அச்சு, கூடாரம், சமையல், வெல்டிங், கடைக் கொப்பி என்று யோசித்து, யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்க்க முடியாவிட்டால் ஆகச் சின்னத் தொகையை இந்த ஜும்ஆவுக்கு முன்னர் கொடுத்துவிடுங்கள். மீதிக்கு ஒரு திகதி சொல்லிவிட்டு வாருங்கள்.

தொழில் செய்யும் பிள்ளைகளுக்கும் அதே வேண்டுகோள்தான், மறுபக்கத்திலிருந்து. நாளைக்கு வரும் முதல் ஓடரில் மூன்று கேள்வி கேளுங்கள்: அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எந்தத் திகதி, கட்டுவது யார். முதல் தடவை நாக்குத் தடுமாறும். நாலாவது தடவை பழகிவிடும்.

கட்டாருக்குக் கடவுச்சீட்டு எடுத்த அந்தத் தம்பியின் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. விசா வருவதற்கு முன்னர் நிலுவைகள் வந்தால் அவர் இங்கேயே இருப்பார்.